ஏழு மணி பஸ் பாட்டுக்கு அடித்தவன்

கடப்பாக்கம்
5.10.2003

அன்புள்ள வைஷாலிப் பாப்பாவுக்கு, அரசுவின் ஆயா பூவாயி எழுதுவது.

நீ அனுப்பிய பார்சல் கை சேர்ந்தது. கேசட்டும் சேலையும் இருந்தன. சேலை எதற்கு? நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? மீன் பெட்டி வைக்கிற ஐஸ் ரூமை ஒழித்துக் கொடுத்தேன். நீயும் ஜெபகுமாரும் என் பேரனும் அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் ஓடு நழுவியது உண்மை. அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்ததும் உண்மை. ஆனாலும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கல்பாக்கம் காலனியில், உங்கள் குவார்ட்டர்ஸில் வாசிக்கக்கூடாது என்று விரட்டினார்களே, அவர்களுக்கும் ஒரு கும்பிடு. அவர்கள் விரட்டாமல் இருந்திருந்தால் சயின்டிஸ்ட் வீட்டுப் பெண் நீ என் வீட்டுக் கருவாட்டு வாடையில் வந்து உட்கார்ந்திருப்பாயா?

போன புதன்கிழமை கண் டாக்டரைப் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் உங்கள் பாட்டைப் போட்டான். ‘ஏழு மணி பஸ்ஸ விட்டுட்டேன்’ என்று நீ கத்துகிறாய், பின்னாலேயே படபடவென்று என் பேரன் டிரம் அடிக்கிறான். எனக்கு உட்கார முடியவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இது எம் பேரன் பாட்டு.”

“பாடறது பொம்பளக் கொரலாக் கீதே ஆயா.”

“பாடறது வேற. பின்னாடி வூடு இடியற மாரி கேக்குது பாரு, அதான் எம் பேரன்.”

“அப்பிடியா. எனக்குக் காலையிலர்ந்து தல நோவுது. அவரு பேரு இன்னா?”

பேரைச் சொன்னேன். தலைநோவு தந்தவன் பேரைக் கேட்கிறான் என்று பஸ்ஸே சிரித்தது. ஆனால் மதுராந்தகம் வருவதற்குள் அவனே இன்னொரு தடவை போடச் சொன்னான்.

அந்தப் பாட்டின் அர்த்தம் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸை விட்டதற்கு ஒருத்தி இப்படிக் குதிப்பாளா என்று நினைத்தேன். நான் விடியற்காலைப் பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கூடை மீனும் நாறிப்போகும். அரசுதான் விளக்கினான். அது ஆபீசுக்கு ஆள் ஏற்றுகிற பஸ், அப்பா ஏறுகிற பஸ்ஸில் நானும் ஏற மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்கிறாள் என்றான். இருக்கட்டும். உன் அப்பாவுக்கும் கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பாப்பா, உனக்கும் ஜெபகுமாருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்? தாய் இல்லாமல் என்னிடம் வளர்ந்த பிள்ளை. பத்தாவது பெயில். சிங்கப்பெருமாள் கோயில் பேண்ட் செட்டோடு கல்யாண ஊர்வலத்தில் அடித்துக்கொண்டு போனவனை ஜெபகுமார் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். இன்றைக்கு பஸ்ஸில் பாட்டு வருகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆடி மாதம் வந்தவன் லீவு என்று சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறான். மாமன் மூர்த்தியோடு போட்டில் கடலுக்குப் போகிறான். உங்கள் லீவு எப்போது முடியும்? வலை இழுத்துக் கை காய்த்துப்போனால் குச்சி பிடிக்க வருமோ என்னவோ.

இப்படிக்கு,
பூவாயி

*

திருவான்மியூர்
13.10.2003

அன்புள்ள ஆயா,

உங்கள் கடிதத்தை நானும் ஜெபாவும் பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தோம். கண்டக்டர் கதையைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் எங்கள் பஸ் போய்விட்டது. பாட்டு பலித்துவிட்டது.

நீங்கள் ஐஸ் ரூம் கொடுத்திருக்காவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. இது சும்மா சொல்வது இல்லை. அந்த ரூமில் குளிருக்கு நடுங்கிக்கொண்டு வாசித்ததால்தான் பாட்டு அவ்வளவு வேகமாக வந்தது என்று ஜெபா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

லீவு என்றா அரசு சொன்னான்? சரி. அதைப் பற்றி அவனே சொல்லட்டும். நான் மூன்று முறை பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போன் செய்து கூப்பிடச் சொன்னேன். அவன் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து டிவியில், பாட்டு சேனலில் எங்கள் வீடியோ வரும். நீங்கள் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று மேலே எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். எழுத்து தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கோபம் ஆறவில்லை. ஆனால் ஆபீசில் யாரோ கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார்களாம். கல்பாக்கத்திலிருந்து இங்கே வந்து என்னிடம் பேப்பரை நீட்டினார். பேசவில்லை. நீட்டினார்.

சேலை கட்டினீர்களா?

வைஷாலி

*

கடப்பாக்கம்
27.10.2003

வைஷாலிக்கு,

சேலை கட்டினேன். உங்கள் வீடியோ வருகிறது என்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் மாரியம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவில் அவள் வீட்டில்தான் கேபிள் இருக்கிறது. மூர்த்தியின் பெண்சாதி, ஏலம் விடுகிற தர்மராஜ், பிள்ளைகுட்டி என்று ரூம் கொள்ளாத கூட்டம். எல்லோரையும் நானே கூப்பிட்டேன். பெருமை என் நாக்கில் இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. நீ இருக்கிறாய். ஜெபகுமார் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறான். பின்னால் டிரம்முக்கு முன்னால் எவனோ உட்கார்ந்திருக்கிறான். செக்கச்செவேல் என்று, காதில் கடுக்கன், நெற்றியில் விழுகிற முடி. பாட்டு முடிகிற வரைக்கும் அவனைத்தான் காட்டினார்கள்.

முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு மாரியம்மா வாயைத் திறந்தாள்.

“பூவாயி, ஒம் பேரன் எப்போ இவ்ளோ செவப்பானான்?”

“வாய மூடுடி.”

“நா இன்னா சொல்லிட்டேன். நாங்கூட கடலுக்குப் போயி கறுத்துக்கினு இருக்கான்னு நெனச்சிக்கினு கீறேன். அவன் டிவிக்குள்ள போயி வெளுத்துக்கினு வந்துட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். தர்மராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவன் போனதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இதற்கு நீ என்ன சொல்கிறாய்? அடித்தது என் பையன். காட்டுவது இன்னொருத்தனை. கறுப்பாக இருக்கிறான் என்றா? மீன்காரி பேரன் என்றா? ஐஸ் ரூமில் என் கையால் வறுத்த மீனை ஒரே தட்டில் தின்றீர்களே, அப்போது தெரியவில்லையா அவன் நிறம்?

உங்கள் மேல் இருந்த நன்றியை நான் எடுத்துவிடவில்லை. அது இருக்கிறது. அது இருப்பதால்தான் இதை உனக்கு நேராக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியே இருக்க மாட்டேன். சேலையைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தேன். கட்டித் துவைத்தும் ஆகிவிட்டது, அதனால் அனுப்பவில்லை.

பூவாயி

*

திருவான்மியூர்
3.11.2003

ஆயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு எனக்கும் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அரசுவை நாங்கள் விடவில்லை. அவன்தான் எங்களை விட்டான்.

மே மாதம் இங்கே ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்தோம். நீங்கள் பஸ்ஸில் கேட்டது முழுக்க முழுக்க அவன் அடித்தது. அதில் வேறு யார் கையும் கிடையாது. அதன் பிறகு அவன் திருவிழா என்று ஊருக்குப் போனான். ஆடி மாதக் கடைசியில் கேசட் கம்பெனியிலிருந்து திடீரென்று சொன்னார்கள், பம்பாயில் வீடியோ எடுக்க வேண்டும், உடனே கிளம்புங்கள் என்று. நான் பூத்துக்குப் போன் செய்தேன். அரசு வந்து பேசினான். “வர முடியாது. ஊர்ல திருவிழா” என்றான். நான் கெஞ்சினேன். “டேய், இது பம்பாய்டா, திருவிழா அடுத்த வருஷமும் வரும்டா” என்றேன். “முடியாது வைஷாலி” என்று வைத்துவிட்டான்.

அவன் மனம் மாறி வந்துவிடுவான் என்று சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் நகருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கதவிலேயே நின்றோம். ஜெபா அவனுக்கும் சேர்த்து இட்லிப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தான்.

பம்பாயில் கம்பெனிக்காரர்கள் ஒரு விளம்பரப் பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அவனுக்கு டிரம்ஸ் தெரியாது. தோசைத் திருப்பி பிடிப்பதுபோல் குச்சியைப் பிடித்தான். நான் அழுதுகொண்டேதான் அந்த வீடியோவில் குதித்தேன்.

ஒரு திருவிழாவுக்காக எங்களை நடுத்தெருவில் விட்டவன் அவன். நிறத்தைப் பற்றி எழுதினீர்களே, அது எனக்கு ரொம்ப வலித்தது ஆயா.

வைஷாலி

*

கடப்பாக்கம்
15.11.2003

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தைப் படித்தபோதுதான் பம்பாய்க்குக் கூப்பிட்டார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. நிறத்தைப் பற்றி எழுதியதை நீ மறந்துவிட வேண்டும். என் வாய் அப்படி. கரையில் ஏலத்தில் நின்று நின்று அப்படி ஆகிவிட்டது.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. உங்கள் காலனியில் இதெல்லாம் இருக்காது, அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கரகம் எடுக்கிறவன் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அந்தக் கயிறு கையில் இருக்கிற வரைக்கும் அவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கடைசி நாள் பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் பக்கத்து ஊருக்குக்கூடப் போகக்கூடாது. தாண்டினால் திருவிழா அதோடு நின்றுபோகும். பரிகாரம் செய்கிற வரைக்கும் ஒரு போட்டும் கடலில் இறங்காது. மொத்த ஊரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இந்த வருடம் கரகம் எங்கள் பங்காளிகள் முறை. கட்டுக்கு அடங்கிய பையன் என்று அரசுவைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காப்புக் கட்டினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை பூத்துக்காரன் வந்து போன் என்று கூப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது உன் போன்தான்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு, கடலிலிருந்து வந்தவனைக் கை கழுவக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாடா, பம்பாய்க்குக் கூப்டாங்களாமே?”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா இன்னா. கூப்டாங்களா இல்லியா?”

“கூப்டாங்க.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணியிருப்ப? காப்ப அவுத்து வுட்டிருப்பியா?”

“சரி, அந்தப் பாப்பாகிட்டனா சொல்லியிருக்கலாம் இல்ல, கையில காப்பு கீதுன்னு.”

“சொன்னா சிரிப்பாங்க ஆயா. மஞ்சக் கயித்துக்காவ பம்பாய வுட்டான் பாருன்னு சிரிப்பாங்க. படிச்சவங்க.”

“வைஷாலி சிரிக்காதுடா.”

“ஒனக்கு இன்னா தெரியும்.”

அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறான். வர முடியாது என்று சொன்னபின் உன்னிடம் பேசக் கூசித்தான் அடுத்த போன்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறான். போன மாதம் மாரியம்மா வீட்டு ஜன்னலில் நின்று அந்த வீடியோவையும் பார்த்திருக்கிறான். தன்னை எடுத்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டீர்கள் என்றே நினைத்துவிட்டான். நீங்கள் அவன் விட்டான் என்று நினைத்தீர்கள். அவன் நீங்கள் விட்டீர்கள் என்று நினைக்கிறான். நடுவில் நான் லீவு எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெபகுமார் இட்லிப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

பூவாயி

*

திருவான்மியூர்
24.11.2003

அன்புள்ள ஆயா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போனில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உங்கள் பேரன் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறான். நீங்கள்தான் என்னைப் பற்றி ரொம்ப நல்லபடியாக நினைத்துவிட்டீர்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு ஊரே கடலில் இறங்காமல் இருக்கும் என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டு எங்கள் திட்டையும் வாங்கிக்கொண்டான். எனக்குத் தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். நானும் மாட்டேன்.

எழுதிய ஆத்திரத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஜெபா உங்கள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறான்.

ஆனால் இங்கே விஷயம் சிக்கலாகிவிட்டது. காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் பக்கத்தில், ஒரு ரிசார்ட் கடற்கரையில் எங்கள் நிகழ்ச்சி இருக்கிறது. அது முடிந்ததும் முழு ஆல்பத்துக்குக் கம்பெனியோடு கையெழுத்து. கம்பெனியின் சென்னை ஆள் கேசவன் சொல்கிறார், ஜனங்களுக்குத் தெரிந்த முகம் அந்தப் பம்பாய்ப் பையன்தான், அவனைத்தான் மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று. அவனுக்கு வாசிக்கத் தெரியாதே என்றேன். டேப் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் மூன்று பேரும் வாயையும் கையையும் அசைத்தால் போதும் என்கிறார். டேப்பில் இருப்பது அரசு அடித்தது. அதற்கு அந்தப் பம்பாய்ப் பையன் கை அசைக்க வேண்டும். கையெழுத்திலும் அவன் பெயர்தான் மூன்றாவதாக வரும்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆல்பம் வராவிட்டால் அப்பா சொன்ன பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அரசுவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். என்னால் உறுதி கொடுக்க முடியாது.

வைஷாலி

*

கடப்பாக்கம்
6.12.2003

அன்புள்ள பாப்பா,

நீ நிஜத்தை நிஜமாக எழுதினாய். அது போதும். சிரித்திருப்பேன் என்று எழுதியதைப் படித்தபோதுதான் உன்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அரசுவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவன் இப்போது மூர்த்தியின் போட்டில் பங்கு ஆளாகவே சேர்ந்துவிட்டான். குச்சி இரண்டையும் வலை மாட்டுகிற ஆணிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான். எடுத்து ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன், தொடவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு ஓரத்தில் விரல் தானாக அடிக்கிறது. அவனுக்கே தெரியாது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டால் கையை மடக்கிக்கொள்கிறான். அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நான் மீனைக் கூவி விற்றிருக்கிறேனே தவிர யாரிடமும் கெஞ்சி விற்றதில்லை. அதனால் உன்னிடமும் எதையும் கேட்க மாட்டேன். நீ கையெழுத்துப் போடு. உன் பிழைப்பைப் பார். என் பையனுக்காக உன் அப்பாவிடம் நீ தோற்றுப்போய் நிற்க வேண்டாம். அவனுக்கு நீங்கள் கொடுத்ததே பெரிது. ரோட்டில் அடித்துக்கொண்டு போனவனை ரூமில் உட்கார வைத்து, அண்ணன் தம்பி மாதிரி வைத்துக்கொண்டீர்கள். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஜெபகுமாருக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். பார்சல் நாறுகிறது என்று போஸ்டாபீசில் வாங்க மாட்டேன் என்றார்கள். சென்னைக்கு லோடு ஏற்றுகிற வண்டிக்காரன் கையில் கொடுத்தேன்.

பூவாயி

*

(அஞ்சல் அட்டை)

திருவான்மியூர்
8.1.2004

ஆயா, காணும் பொங்கல் அன்று சாயங்காலம் மாமல்லபுரத்துக்கு அரசுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிரம்ஸ் செட் ஒன்றை நாங்களே வாடகைக்கு எடுத்துவிட்டோம். வாசலில் என் பெயரைச் சொல்லுங்கள். வேறு எதுவும் இப்போது கேட்காதீர்கள். கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடும்.

வைஷாலி

*

திருவான்மியூர்
26.1.2004

அன்புள்ள ஆயா,

நீங்கள் மணலில் இருந்து பார்த்தீர்கள். மேடைக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அரசுவும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அப்போது காது கேட்டிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கேசவன் சாரிடம் போய், எங்கள் டிரம்மர் வந்துவிட்டான், டேப் வேண்டாம் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அப்படின்னா ஆல்பம் இல்லம்மா. நல்லா யோசிச்சுக்கோ” என்றார். ஜெபாவைப் பார்த்தேன். அவன், “சார், அந்த அக்ரிமென்ட் பேப்பர வீணாக்காதீங்க, கருவாடு சுத்தறதுக்கு ஆவும்” என்றான். இவன் எப்போதும் இப்படித்தான், வாழ்க்கை போகிற நேரத்தில் கருவாடு.

அந்தப் பம்பாய்ப் பையனிடம் நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், நீ எழுந்துகொள்ள வேண்டும் என்று. சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான் ஆயா. மூன்று மாதமாக யாராவது வாசித்துக் காட்டு என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து செத்தானாம். குச்சியை அரசுவிடம் நீட்டினான். அரசு வாங்கவில்லை. தன் சொந்தக் குச்சியை இடுப்பிலிருந்து எடுத்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பாட்டை அவன் எடுத்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கவே நேரம் இல்லை. பாதி வார்த்தையை முழுங்கினேன். ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. வீடியோவில் வந்தவன் எங்கே என்று முன்வரிசையில் கத்தினார்கள். நான் மைக்கில், “அவரு நடிச்சாரு, இவரு அடிச்சாரு” என்றேன். இன்னொரு தடவை கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். மூன்றாவது தடவைதான் அவன் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆல்பம் இல்லை. டிவியில் அந்த வீடியோதான் தொடர்ந்து ஓடும். அதை எங்களால் நிறுத்த முடியாது. நான் எடுத்த முடிவு சரியா என்று ராத்திரி ஆனால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அரசுவை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி ஒன்றும் இல்லாத இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டேனோ என்று இருக்கிறது.

வைஷாலி

*

கடப்பாக்கம்
8.2.2004

அன்புள்ள வைஷாலிப் பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அரசு கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். துணிமணி எடுத்துக்கொண்டு நாளைக்கு அங்கே வருகிறான். மூர்த்திக்கு ஆள் குறைகிறதே என்று வருத்தம்தான். “போறான் வுடு, கடலு எங்கியும் போவாது” என்று அவனே சொல்லிவிட்டான்.

மேடைக்குப் பின்னால் நடந்ததை நீ எழுதினாய். மணல் பக்கத்துக் கதையை நான் எழுதுகிறேன். உன் கார்டைப் படித்துக் காட்டியதும் அவன் வர மாட்டேன் என்றான். பொங்கல் முழுக்க அதே பேச்சு. காணும் பொங்கல் அன்று மீன் டெம்போவைக் கழுவி, அதில் பாய் விரித்து, எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் ஏறிவிட்டோம். அவன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கூப்பிடவில்லை. மாரியம்மாதான் டெம்போவிலிருந்து தலையை நீட்டினாள்.

“டேய் அரசு, ஏறுடா.”

“நா வரல அத்த.”

“வராத. அந்தச் செவத்த பையனக் கூட்டியாந்து நம்ம கோயில்ல மேளம் அடிக்கச் சொல்லிக்கிறோம். அவனுக்கே எம் பொண்ணையும் குடுத்துடறேன்.”

டெம்போ குலுங்கியது சிரிப்பில். அவன் உள்ளே போனான். வரும்போது இடுப்பில் குச்சி இருந்தது.

வாசலில் காவல்காரன் பாஸ் கேட்டான். எங்கள் கூட்டத்தையும் வாடையையும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். உன் பெயரைச் சொன்னதும் விட்டான். காலேஜ் பிள்ளைகள் நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அந்தப் பம்பாய்ப் பையன் மேடையிலிருந்து இறங்கி எங்கள் பக்கத்தில்தான் வந்து நின்றான். பாவம், எங்கே போவது என்று தெரியவில்லை. பாயில் இடம் கொடுத்து, சுழியன் கொடுத்தேன். தின்றுகொண்டே என் பேரனுக்குக் கை தட்டினான். அவனும் யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

பாட்டு வேகமாகப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியவில்லை. அவன் தாய் போன நாளிலிருந்து அவன் அப்படி வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை பாட்டு முடிந்தபோது சிரித்தானே, அப்போதுதான் பார்த்தேன். நீ எழுதியிருக்கிறாயே, ஒன்றும் இல்லாத இடம் என்று, அந்த இடத்தில்தான் சிரித்தான். ஆல்பம் போனது எனக்கும் வருத்தம்தான், உன் அப்பா முகத்தை நினைத்தால் இன்னும் வருத்தம். ஆனால் நீ அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டேன் பாப்பா. போடாமல் விட்டாய். எனக்கு அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இதுவரை மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வரவில்லை. நீயே புரிந்துகொள்.

உன் அப்பாவிடம் சொல்லிவிடு. மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

ஐஸ் ரூமுக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. சென்னையில் இடம் கிடைக்காவிட்டால் இங்கே வாருங்கள். சண்டைக்கு வருகிறவர்களை மாரியம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள்.

நேற்று தர்மராஜ் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். மாமல்லபுரத்தில் எடுத்த படம் போட்டிருக்கிறார்கள். உன் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. ஜெபகுமார் பாதி விழுந்திருக்கிறான். அரசுவின் முகத்தை டிரம்மோடு இருக்கிற பித்தளைத் தட்டு மறைத்துவிட்டது. குச்சியும் இரண்டு கையும்தான் தெரிகிறது. பேரும் போடவில்லை. இருந்தாலும் சுவரில் ஒட்டினேன்.

மாரியம்மா வந்து பார்த்தாள். இவள் மறுபடி ஆரம்பிக்கப் போகிறாள், மூஞ்சி எங்கே என்று கேட்கப் போகிறாள் என்று வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு வெளியே தலையை நீட்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த மூர்த்தியின் பெண்சாதியைக் கூப்பிட்டாள்.

“ஏய், இங்க வந்து பாரு. சுண்டு வெரலு வளஞ்சிகினு கீது பாரு. சின்னதுல எங்க வூட்டு முருங்க மரத்துல ஏறி வுழுந்து ஒடச்சிக்கினானே, அந்த வெரலு. நம்ம அரசுதான்.”

இப்படிக்கு,
பூவாயி